காட்டுத் திட்டத்தில் கிராமத்தின் குரல்

(சென்னை கே.கே. நகரில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பல கிராமங்களிலிருந்து புறப்பட்டு இன்று கே.கே. நகரில் கூடியிருக்கிறோம். இங்கிருந்து சிறிது தூரத்தில், 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவான கிண்டிக் காடு இருக்கிறது. அதன் பரப்பு மூன்று சதுர கிலோமீட்டருக்கும் குறைவே. நகரத்தாருக்கு அது நிழலும் நல்ல காற்றும் தருகிறது. நமக்கோ காடு என்பது விறகு, மேய்ச்சல், தழையுரம், ஏரிக்கு வரும் நீர். ஆகவே காட்டைப் பற்றிய திட்டம் நம் வயலைப் பற்றிய திட்டமேயாகும். அதை வகுக்கும்போது நாமும் உடனிருக்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

இது புதிய எண்ணமன்று. 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டத்தால் குடிகளுக்கு ஏற்பட்ட குறைகளை ஆராய்ந்த குழு, 1913-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. அதன் பின்னர் மேய்ச்சற் காடுகள் சிலவற்றின் நிர்வாகம் வனப் பஞ்சாயத்துகளிடம் ஒப்படைக்கப்பட்டது.

வங்காளத்தின் மேதினிபூர் மாவட்டத்தில் அரபாரி என்னுமிடத்தில் 1972-ஆம் ஆண்டில் நடந்ததையும் அறிவது நலம். அங்கு சால் காடு வெட்டுண்டு அடிக்கட்டைகளாய் நின்றது. அஜித் குமார் பானர்ஜி என்ற வன அதிகாரி, 11 கிராமங்களைச் சேர்ந்த 618 குடும்பங்களை அழைத்துப் பேசினார். 1,272 ஹெக்டேர் காட்டை அவர்கள் காப்பது. அவர்களுக்கு வேலையும் சிறு வன விளைபொருள்களும் கிடைப்பது. மரம் விற்ற வருவாயில் நூற்றுக்கு 25 பங்கு பெறுவது என்று ஏற்பாடாயிற்று. வெட்டுவதும் மேய்ப்பதும் நின்றதும் அடிக்கட்டைகள் தாமே துளிர்த்துக் காடாயின. மத்திய அரசாங்கம் 1990-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி இம்முறையை மாநிலங்களுக்குப் பரிந்துரைத்தது. நம் மாநிலத்தில் 1997-ஆம் ஆண்டில், ஜப்பானியக் கடனுதவியுடன் தொடங்கிய காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக் குழுக்கள் அமைந்தன.

ஆனால் குழு அமைத்துவிட்டால் மட்டும் போதாது. கன்று நட ஒரு நிலத்தை அடைக்கும்போது, முதலில் துன்புறுகிறவர் ஆடு மேய்ப்பவரும் விறகு பொறுக்கும் தாய்மாருமே. நாம் கண்ட ஒரு கிராமத்தில் ஆட்டுத் தடத்தின் மீதே வேலி போடப்பட்டது. மேய்ப்பவரைக் கேட்டவர் யாருமில்லை. ஒரு கோடைக்குள் வேலியும் போயிற்று, கன்றும் போயிற்று. இது ஆட்டின் குற்றமா, கேட்காமல் வகுத்த திட்டத்தின் குற்றமா?

எனவே நாம் செய்யத்தக்கவை சில உண்டு. திட்டம் எழுதுமுன் வன அலுவலரும் கிராமத்தாரும் சேர்ந்து காட்டைக் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீர் ஓடும் வழி, மேயும் இடம், விறகு எடுக்கும் இடம் ஆகியவற்றை வரைபடத்தில் குறிக்க வேண்டும். காடு முழுவதையும் ஒரேயடியாக அடைக்காமல், பகுதி பகுதியாக முறை வைத்து அடைக்க வேண்டும். தடுப்பணை எங்கே வேண்டுமென்று கீழ்ப்புறத்து விவசாயியைக் கேட்க வேண்டும். விளைவில் யாருக்கு என்ன பங்கு என்பதை முதல் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினருக்கும், தலைமுறை தலைமுறையாய்க் காட்டில் வாழும் பிற மக்களுக்கும் உரியது. அவர்கள் வழிவழியாகக் காத்துவந்த சமுதாய வன வளத்தைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் அது உரிமை அளிக்கிறது. அவ்வுரிமைகளை நிர்ணயிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கே உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாட்களில் கூடும் கிராம சபையில் கையொப்பமிட்டுத் திரும்புவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. காட்டைப் பற்றிய பொருளும் அன்று பேசப்பட வேண்டும். மேய்ப்பவரும் தாய்மாரும் அங்கே வாய் திறந்து பேச வேண்டும். அவர்கள் சொன்னது தீர்மானத்தில் ஏற வேண்டும்.

நாம் சேர்ந்து வகுத்த திட்டத்திற்கு வேலி அதிகம் தேவையில்லை. ஊரே அதற்குக் காவலாக நிற்கும்.