மதகுக் குழாயும் அது தாங்கும் பாரமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான சொற்பொழிவு)



தஞ்சை ஜில்லாவின் காவிரி, வெண்ணாற்றுப் பாசனக் கிராமங்களில் வண்டிப்பாதைகள் வாய்க்கால்களைக் கடந்தே வயலுக்கும் களத்திற்கும் செல்கின்றன. கடக்குமிடத்தில் குழாயைப் புதைத்து மேலே மண் இடுவது வழக்கம். அக்குழாய் நசுங்கினால் பாதை கெடுவதோடு நில்லாது. குறுவை நாற்றங்கால் சமயத்தில் கடைமடைக் குடியானவரின் தண்ணீரும் தடைப்படும். ஆகையால் குழாய் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை வாங்குமுன்னரே கணக்கிடுதல் அவசியம்.

மேலிருந்து அழுத்தப்படும் குழாய் உச்சி, அடி, இரு பக்கங்கள் ஆகிய நான்கு இடங்களில் மடங்கும். எஃகுக் குழாய்க்குக் கணக்கு எளிது. எஃகு மீளாது வளையத் தொடங்கும் அழுத்தத்தை 2 ஆல் பெருக்குக; சுவர்க்கனத்தின் வர்க்கத்தாலும் குழாயின் நீளத்தாலும் பெருக்குக; விட்டத்தால் வகுக்க. வருவதே நசுங்கத் தொடங்கும் பாரம். முழுதும் தட்டையாக்க இதனினும் கூடுதல் பாரம் வேண்டும்.

சாதாரண எஃகுக்கு அவ்வழுத்தம் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 24 கிலோ. 300 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் கனமும் உள்ள குழாய் மீட்டர் நீளத்திற்கு 5,760 கிலோ தாங்கும். கனம் 3 மில்லிமீட்டரானால் 1,440 கிலோ மட்டுமே. கனம் பாதியானால் பலம் காற்பங்காகும். நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் வண்டியின் ஒரு சக்கரமே இதற்கு மேல் அழுத்தக்கூடும்.

சிமெண்டுக் குழாய் மடங்காது, விரியும். எனினும் சுவர்க்கனமே அதற்கும் பிரதானம். இரண்டு மரச்சட்டங்களின்மேல் கிடத்தி, உச்சியில் மற்றொரு சட்டத்தால் அழுத்தி அதனைச் சோதிப்பர். இந்திய தர நிர்ணயப்படி என்.பி.2 ரகம் லேசான போக்குவரத்துக்கும், என்.பி.3 நடுத்தரத்துக்கும், என்.பி.4 கனத்த போக்குவரத்துக்கும் உரியவை.

புதைக்கும் விதமும் பலத்தை மாற்றும். அமெரிக்காவில் மார்ஸ்டன் என்னும் பொறியியலறிஞர் 1913 முதல் வகுத்த முறைப்படி, தட்டையான கெட்டித் தரையில் வைத்த குழாய் சோதனைப் பாரத்தைப் போல் 1.1 மடங்கே தாங்கும். அடிவட்டத்திற்கேற்பக் குடைந்த படுகையில் 1.5 மடங்கும், நன்கு அமைத்த மணற்படுகையில் 1.9 மடங்கும் தாங்கும். பக்க மண்ணைச் சிறு அடுக்குகளாக இட்டுத் திமிசு கட்டையால் இடித்தல் வேண்டும்.

ஆதலின் சங்கத்தார் கூட்டாகக் குழாய் வாங்குங்கால் விட்டத்தையும் விலையையும் மட்டும் விசாரித்தல் போதாது. ரகத்தையும் சுவர்க்கனத்தையும் எழுத்தில் கேட்டு, வந்த சரக்கை அளந்து பார்த்தே பணம் கொடுத்தல் வேண்டும். மலிவென்று வாங்கிய மெல்லிய குழாயின் நஷ்டத்தை, அதை வாங்காத கடைமடைக்காரரும் சேர்ந்தே சுமக்கிறார்.