விஜயதசமி முதல் தீபாவளி வரை

(சங்கத்தின் ஆண்டு விழாவில், பேராதனைப் பல்கலைக்கழக முதலாம் ஆண்டு மாணவர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)



எங்களை இம்மேடையில் ஏற்றிவிட்டு, "பல்கலைக்கழக வாழ்க்கை" என்னும் பொருள்பற்றிப் பேசுக எனச் செயலாளர் அவர்கள் பணித்திருக்கிறார்கள். அங்கே கால் வைத்துச் சில மாதங்களே ஆன நாங்கள் அத்துணைப் பெரிய பொருளைப் பற்றி என்ன சொல்ல வல்லோம்? வாயிலைக் கண்டவன் வீட்டை வருணிக்கப் புகுந்தது போலாகும். ஆதலின், சென்ற விஜயதசமிக்கும் தீபாவளிக்கும் இடையிலிருந்த நாட்களில் நாங்கள் பட்ட பாட்டை மாத்திரம் சொல்ல எண்ணுகின்றோம். "நாங்கள்" என்றது நால்வரை. ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை என்று நான்கு திக்குத் தோட்டங்களிலிருந்து போனவர்கள். மூவர் ஆண்கள், ஒருவர் பெண். பேசுவது ஒரு வாயானாலும் பேச்சு நால்வருடையது.

விஜயதசமியன்று காலை வளாகத்துக் குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு ஏறினோம். மலையேறுவது எங்களுக்குப் புதிதன்று. மற்றைய மாவட்டத்துத் தோழர் பெருமூச்சு விட்டு நின்ற இடங்களில் நாங்கள் பேசிக்கொண்டே போனோம். பல்கலைக்கழகத்தில் நாங்கள் முன்னணியில் நின்ற காரியம் இதுவரை அது ஒன்றுதான். மேலே நின்று பார்த்தால் ஒருபுறம் ஹந்தானை மலை, கீழே மகாவலி. புத்தகங்களைப் பூசையிலிருந்து எடுத்தபோது எங்களில் ஒருவர் விளையாட்டாகச் சொன்னார்: "ஒன்பது நாள் இவை படுத்துக் கிடந்தன, இனி நாம் படுக்க முடியாது." அவர் வாய் பலித்தது.

அடுத்த நாளே அறிவித்தற் பலகையில் அட்டவணை வந்தது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் இடைப்பருவப் பரீட்சை. அதற்கு முன் மூன்று கட்டுரைகள். ஒரு குழு விளக்கவுரை. ஆங்கிலத்துக்குத் தனியே ஒரு பரீட்சை. அதன்பின் விடுமுறை. விடுமுறை என்ற சொல்லைப் பலகையின் கடைசி வரியில் கண்டோம். அதைத் தொடுவதற்குமுன் இருந்த வரிகளை எண்ணினோம். எண்ணியபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

எங்கள் பெருந்துன்பம் ஆங்கிலம். மறைப்பானேன்? நாங்கள் படித்த பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் இல்லாமலே கழிந்த ஆண்டுகள் உண்டு. விரிவுரையைத் தமிழிற் கேட்டாலும், வாசிக்கச் சொல்லும் நூல்களிற் பெரும்பாலன ஆங்கிலத்தில். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கைத்தொலைபேசியில் அகராதியைத் திறந்து ஒரு சொல்லுக்குப் பொருள் கண்டு திரும்பினால், வாக்கியத்தின் தலை மறந்திருக்கும். பிறகு ஓர் உபாயம் கண்டோம். நான்கு பக்கங்களை நால்வரும் பங்கிட்டு வாசித்து, இரவு எட்டு மணிக்கு ஒருவர்க்கொருவர் தமிழில் சொல்லிக்கொள்வது. தோட்டத்தில் மலையை நிரை நிரையாகப் பிரித்துக் கொழுந்தெடுப்பார்களல்லவா? அந்த முறையேதான்.

அக்கட்டுரைகளுள் ஒன்று எங்களை விசேடமாக ஆட்டிவைத்தது. பொருள்: இலங்கைத் தேயிலைக் கைத்தொழிலின் வளர்ச்சி. தலைப்பைக் கண்டதும் மகிழ்ந்தோம். நமக்குத் தெரியாத தேயிலையா என்று! நூலகத்துள் போனபின்னரே, தேயிலைக்குள் பிறந்த நாங்கள் தேயிலையைப் பற்றி ஒன்றும் அறியோம் என்பது தெரிந்தது. 1839ஆம் ஆண்டு அசாமிலிருந்து தேயிலை விதைகள் வந்து இறங்கிய இடம், எங்கள் வளாகத்துக்கு அண்மையிலே நாங்கள் நாள்தோறும் பஸ்ஸிற் கடக்கும் பேராதனைப் பூந்தோட்டந்தான். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் பத்தொன்பது ஏக்கரில் அதைப் பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்த மலைகளெல்லாம் பின்னர் தேயிலையாயின. 1884இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. தேயிலை பேராதனையிலிருந்து மேலேறி வந்தது; அதைப் பறித்தவர்களின் பிள்ளைகள் பேராதனைக்கு இறங்கிப்போக எத்தனை தலைமுறை ஆயிற்று என்பதை அந்த நூல்களிற் காணவில்லை. நாங்களே எண்ணிக்கொண்டோம்.

கட்டுரையை எழுதி முடித்த இரவு, எங்களில் ஒருவர் தம் தாயாருக்குத் தொலைபேசியில் அதை வாசித்துக் காட்டினார். அம்மையார் மூன்றாம் வகுப்போடு மலைக்குப் போனவர். "ஒரு கிலோத் தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோப் பச்சைக் கொழுந்து தேவை" என்ற வரி வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"அப்புடின்னா நான் பதினெட்டுக் கிலோ எடுத்தா அது எத்தன கிலோத் தூளு சாமி?"

"நாலு கிலோ அம்மா."

"ஒரு கிலோ என்னா வெலைக்குப் போவுது?"

கொழும்பு ஏலத்தில் 2023இலும் 2024இலும் சராசரி விலை கிலோவுக்கு 1000 ரூபாய்க்கு மேற்பட்டே இருந்தது என்று சொன்னார். சற்று நேரம் சத்தமில்லை. அம்மையார் கணக்குப் போட்டிருக்கிறார்.

"அப்ப எங்கிட்ட வர்றது போக மிச்சமெல்லாம் எங்க போவுது? அதயும் எழுதியிருக்கியா?"

எழுதவில்லை. எழுதவேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு வரவில்லை. மறுநாள் மறுபடியும் நூலகத்துக்குப் போனோம். உரம், விறகு, மின்சாரம், இயந்திரம், போக்குவரத்து, தரகு என்று செலவுகள் உண்டு. கூலிதான் செலவிற் பெரும்பங்கு என்று கம்பனிகள் சொல்லும். தோட்டங்கள் 1970களில் அரசாங்கத்தின் கைக்கு வந்ததையும், 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் போனதையும், நாட்சம்பளம் 2021 மார்ச்சில் 1000 ரூபாயாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயாகவும் வர்த்தமானியில் வெளிவந்ததையும், நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர் விழுவதையும் சேர்த்து எழுதினோம். அம்மையாரின் கேள்விக்கு முழு விடை கிடைத்ததென்று சொல்லமாட்டோம். ஆனால் கட்டுரையின் நல்ல பகுதி அதுதான் என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதித் தந்தார். புள்ளி யாருக்குச் சேரவேண்டியது என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் அத்தேடலிற் கண்டோம். வளாகத்தில் அருணாசலம் என்ற பெயருடைய விடுதி ஒன்று உண்டு. ஏதோ பெரிய மனிதர் பெயர் என்று மட்டும் எண்ணி அதைக் கடந்துகொண்டிருந்தோம். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1906ஆம் ஆண்டிலேயே இலங்கைக்குப் பல்கலைக்கழகம் வேண்டுமென்று சங்கம் கண்டு உழைத்தவர். அதனால் விடுதிக்கு அவர் பெயர். ஆனால் அவரே 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றை நிறுவித் தோட்டத் தொழிலாளருக்காகவும் வாதாடினார் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. அக்காலத்திலே ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், கங்காணி வழியாக ஏறிய கடனைக் குறித்த "துண்டு" வேண்டும். கடனைக் கட்டுகிறவரிடமே ஆள் போகலாம். அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டதும் அதே 1921இல்தான். இரண்டையும் ஒருங்கே விரும்பிய அம்மனிதர் 1924இல் மதுரையில் காலமானார்.

துண்டைப் பற்றி இவ்வளவு சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த வாரத்திலேதான் தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்தார்கள். தாய்மார்களே, அதைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. வாங்கும்போது முழுதாக வரும். பின்பு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுப்படும். எங்கள் நால்வர் வீட்டிலும் அந்த முற்பணத்தில் ஒரு பகுதி பேராதனைக்கு வந்து சேர்ந்தது. உதவிப்பணம் வரத் தாமதம். விடுதிச் சாப்பாடு, புகைப்படப் பிரதி, பஸ் என்று செலவு நிற்பதில்லை. பணம் வந்த அன்று நாங்கள் யாரும் மகிழவில்லை.

எங்களில் ஒருவன் (யார் என்று கேட்க வேண்டாம், அவன் இம்மேடைக்கு வெகுதூரத்தில் இல்லை) அன்று இரவு படிக்க உட்காரவில்லை. அவனோடு உயர்தரம் படித்த தோழன் ஒருவன் கொழும்பில் புடைவைக் கடையொன்றில் நிற்கிறான். "புறக்கோட்டையில் தீபாவளி வியாபாரம், ஆள் போதாது, நாட்கூலியும் சாப்பாடும், பிறகு நிரந்தரமாகவே நிற்கலாம்" என்று அவன் பேசியிருக்கிறான். இவன் வெள்ளி இரவு ஒரு பையோடு பஸ் ஏறிவிட்டான். "ஞாயிறு வந்துவிடுவேன்" என்று கடதாசித் துண்டு எழுதி வைத்திருந்தான். பையில் அடையாள அட்டையும் உயர்தரப் பெறுபேற்றுச் சான்றிதழும் இல்லாதிருந்தால் அதை நாங்களும் நம்பியிருப்போம். இரண்டு நாள் விற்கப் போகிறவனுக்குச் சான்றிதழ் எதற்கு?

சனிக்கிழமை முழுவதும் அவன் தொலைபேசியை எடுக்கவில்லை. மூவரும் படிப்பதாகப் பேர் பண்ணிக்கொண்டு இருந்தோம். வீட்டுக்குச் சொல்வதா வேண்டாமா என்று வாதாடினோம். சொன்னால் அந்தத் தாய் அன்றே கொழும்புக்குப் புறப்பட்டுவிடுவார். சொல்லாவிட்டால் நாளை எங்கள் முகத்தில் அவர் விழிப்பாரா? ஞாயிறு மாலைவரை பார்ப்பது என்று முடித்தோம். அது சரியான முடிவா என்பதில் இன்றும் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை.

ஞாயிறு இரவு பத்தரை மணிக்கு வந்தான். கால் இரண்டும் வீங்கிச் செருப்பிற் கொள்ளவில்லை. என்ன நடந்தது என்று கேட்டோம். கடையில் யாரும் அவனைக் கடிந்து பேசவில்லையாம். நல்ல சாப்பாடும் கொடுத்தார்களாம். ஞாயிறு மத்தியானம் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறான். தங்கை பேசினாளாம். "அம்மா எங்கே?" என்றதற்கு, "கைக்காசுக்குப் போயிருக்கு, உனக்குப் பரீட்சையாம், இன்னிக்குப் போன் பண்ணிராதன்னு சொல்லிட்டுப் போச்சு" என்றாளாம். அவ்வளவுதான். கடைக்காரரிடம் இரண்டு நாட் கூலியை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்திருக்கிறான்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. அவனை நடுவில் உட்காரவைத்து விடியும்வரை மூவரும் மாறி மாறிப் பாடம் சொன்னோம். வெந்நீரில் உப்புப் போட்டு அவன் காலை வைத்துக்கொண்டு கேட்டான். அவன் நன்றாக எழுதினானா என்றால், சித்தியடையும் அளவுக்கு எழுதியிருப்பதாகச் சொல்கிறான், பெறுபேறு வரட்டும்.

பரீட்சை முடிந்த அன்று பிற்பகலே புறப்பட்டோம். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று பஸ் ஏற ஏறக் காது அடைத்தது. குளிர் வந்து முகத்திற் பட்டது. மூன்று மணி நேரமும் நால்வரும் உறங்கினோம். ஹட்டனில் நடத்துனர் தட்டி எழுப்பினார். அந்தத் தோழன் தாயாருக்கு ஒரு சேலை கொண்டுபோனான். அம்மையார் விலையைக் கேட்டார், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டார், சொன்னான். தீபாவளியன்று காலை எண்ணெய் வைக்கும்போது, தலையில் வழக்கத்தைவிட அழுத்தித் தேய்த்ததாகக் கேள்வி. சேலையை இன்னும் உடுக்கவில்லை. பெறுபேறு வந்த பிறகுதான் உடுப்பாராம்.

இனி, செயலாளர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். வந்த காரியத்தைச் சொல்லிவிடுகின்றோம். உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் போகாத பிள்ளைகளில் சிலர், புள்ளி போதாமையால் அன்று, விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பாமையால் நின்றவர்கள். நுவரெலியா மாவட்டம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்பட்டு அதற்கெனத் தனி ஒதுக்கீடு உண்டு. கற்கைநெறிகளை எந்த ஒழுங்கில் விரும்புகிறோம் என்று எழுதுவதிலேயே இடம் கிடைப்பதும் நழுவுவதும் இருக்கிறது. சில கற்கைநெறிகளுக்கு வேறாக உளச்சார்புப் பரீட்சையும் எழுத வேண்டும். அதன் கடைசித் தேதி வேறு. எங்களோடு படித்த ஒரு பெண், எங்களில் இருவரைவிடக் கூடிய புள்ளி பெற்றவள், கடைசித் தேதி கழிந்து நான்கு நாட்களின் பின்பே கேள்விப்பட்டாள். இன்று மலையில் கொழுந்தெடுக்கிறாள்.

ஆகையால் வளாகம் திறக்கும்வரை, நாளை முதல் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்தில் நாங்கள் நால்வரும் இருப்போம். உயர்தரம் எழுதிய பிள்ளைகள், பெறுபேறு வந்தவர்களும் வராதவர்களும், அடையாள அட்டையோடு வரலாம். தொலைபேசி இல்லாதவர்களுக்கு எங்களுடையது உண்டு. தகப்பன்மாரும் தாய்மாரும் கூடவே வந்தால் நல்லது. மாலையில் மலையிலிருந்து திரும்பியபின் வருவோருக்காக ஆறு மணிக்கு மறுபடியும் திறப்போம். வாயிலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.