பாட்டனார் பெயரைத் தேடி
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அரசர்க்குக் கல்வெட்டு உண்டு. கழனியில் உழைத்தவனுக்கு வரலாறு ஏது என்று நம்மவருள் சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அக்கூற்று பிழையானது என்பதை என் பாட்டனாரைக் கொண்டே விளக்க விழைகின்றேன்.

அவர் நான் பிறக்குமுன்பே மறைந்தவர், புகைப்படமும் இல்லை. "ஏரிக்கரையோரம் நமக்கு ஒன்றரை ஏக்கர் இருந்தது, மூன்று மூட்டை நெல்லுக்குப் போயிற்று" என்று என் ஆயா ஓயாது கூறுவார். நாங்கள் அதனைக் கதை என்றே எண்ணினோம். ஆயா மறைந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் கிஸ்தி ரசீதுகள் சில கிடைத்தன. அவற்றில் பாட்டனார் பெயரும் புல எண்ணும் இருந்தன. கதை அன்று சான்றாயிற்று!

அந்நிலம் எவ்வாறு வந்தது? 1891ஆம் ஆண்டில் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தார். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30ஆம் நாள் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் வழங்குவது இதனையே. பத்தாண்டுகள் விற்றல் ஆகாது. அதன் பின்னரும் நம் மக்களுக்கன்றிப் பிறர்க்கு விற்றல் ஆகாது என்பது நிபந்தனை.

2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பழைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேட்டேன். ஏடு இல்லை என்றார்கள். மேல்முறையீடு செய்தேன், எட்டாம் மாதம் நகல் வந்தது. பாட்டனார் பெயரும், குறிப்புக் கலத்தில் அந்த நிபந்தனையும் இருந்தன.

பின்னர் என் தந்தையார் பயின்ற பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைக் கண்டேன். பெற்றோர் தொழில் என்னுமிடத்தில் 'கூலி' என்று எழுதப்பட்டிருந்தது. கடைசி ரசீதுக்கும் அச்சேர்க்கைக்கும் இடையே நான்கே ஆண்டுகள்! பட்டாதாரர் கூலியாளாகிய கொடுமை அந்நான்கு ஆண்டுகளுக்குள் நிகழ்ந்திருத்தல் வேண்டும். வில்லங்கச் சான்று பெற்றுப் பத்திரத்தின் நகலையும் கண்டேன். வாங்கியவர் நம்மவர் அல்லர். பாட்டனார் பெயருக்கு நேரே ஒரே சொல்: 'கைநாட்டு'. தாம் எதில் விரலை வைத்தோம் என்று படித்தறிய அவருக்குக் கல்வி இல்லை. தலைமையாசிரியனாகிய நான் அவ்வொரு சொல்லைப் படித்து நெடுநேரம் அழுதேன்.

இன்று அவ்விடத்தில் சரக்கு லாரிகள் நிற்கின்றன. மீட்புக்கு மனு அளித்துள்ளேன். முடிவு இன்னும் வரவில்லை. காரணை பஞ்சமி நிலப் போராட்டத்தையொட்டி 1994 அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோரை எண்ணும்போது, என் காத்திருப்பு பெரிதன்று.

கடல் கடந்தோர்க்கும் ஏடு உண்டு. 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல், நவம்பர் 16ஆம் நாள் நம் தமிழ்த் தொழிலாளரை டர்பனில் இறக்கியது. அத்தகைய கப்பல்களின் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, ஊர், உடல் அடையாளம் ஆகியவை உள்ளன. அவற்றைக் கொண்டே அவர்தம் வழித்தோன்றல்கள் தம் பூர்வீக ஊரைத் தேடுகின்றனர்.

இளைஞர்களே! ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் பேருந்தில் செல்லும் நீங்கள், உங்கள் பாட்டனார் உழுத மண்ணைக் கடந்துதான் செல்கின்றீர்களோ, யார் அறிவார்? இவ்வாரமே வீட்டு முதியோரிடம் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். பெட்டியில் உள்ள எந்தத் தாளையும் எரிக்காதீர்கள். புல எண் கிடைத்தால் பதிவேட்டைக் கேளுங்கள். இல்லை என்றால் மேல்முறையீடு செய்யுங்கள். எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். மனுவை நான் எழுதித் தருகின்றேன்.

நம் மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் தம் சீவிய சரித்திரத்தைத் தாமே எழுதி 1939இல் வெளியிட்டார். நம் முன்னோருள் பெரும்பாலோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. அவர்கள் கைநாட்டு வைத்த இடத்தில் நாம் கையெழுத்து இடுவோம்.