கல்லும் காணி உறுதியும்



இலக்கியத் தொடரில் சீமெந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் நினைக்கக்கூடும். ஓர் ஊர் எதை விற்று அரிசி வாங்குகிறது என்று தெரியாமல் அந்த ஊரைப் பற்றிக் கதை எழுத முடியாது என்பது என் எண்ணம். ஆகவே, மலையும் றப்பரும் கரும்பும் சூழ்ந்த மொனராகலையில் இருந்துகொண்டு, நாட்டின் மறுகோடியில் உள்ள ஒரு துறைமுகக் கிராமத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பெயர் காங்கேசன்துறை.

மொனராகலைக்கு ரயில் இல்லை. நமக்கு ரயில் என்றால் பதுளைதான். 1924இல் அங்கே வந்து சேர்ந்த தண்டவாளம் அங்கேயே முடிந்துவிட்டது. வடக்கே அதேபோல முடிகிற இடம் காங்கேசன்துறை. யாழ்ப்பாணத்திலிருந்து அந்தத் துறைக்கு 1902இல் ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் அந்தப் பாதை கொழும்போடு இணைந்தது. ஒரு முனை தேயிலை மலையில், மறுமுனை கடற்கரையில். இரண்டு முனைகளிலும் தமிழ் பேசும் உழைப்பாளிகள்.

காங்கேசன்துறைக்கு முன்னாளில் கயாத்துறை என்று பெயர். மாவிட்டபுரம் கோயிலுக்காகக் காங்கேயன் என்னும் முருகனின் திருவுருவம் வந்து இறங்கியதால் பெயர் மாறியது என்பது ஐதீகம். மீன்பிடி, தோணி வணிகம், உள்ளே தள்ளிப் போனால் புகையிலையும் வெங்காயமும் விளைகிற செம்மண் தோட்டங்கள். இதுவே பழைய காங்கேசன்துறையின் பிழைப்பு.

அந்தச் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் கிடந்தது. சீமெந்துக்கு வேண்டிய முதற்பொருள் அது. ஒரு தொன் கிளிங்கர் சுட்டெடுக்க ஏறத்தாழ ஒன்றரைத் தொன் சுண்ணாம்புக்கல் வேண்டும். அவ்வளவு பாரத்தை வேறிடத்துக்குச் சுமந்து கட்டுப்படியாகாது. பெல்வத்தையில் சீனி ஆலை கரும்பின் நடுவில் இருப்பது எதனாலோ, அதே காரணத்தால்தான் சீமெந்து ஆலை கல்லைத் தேடிக் காங்கேசன்துறைக்குப் போனது. 1950இல் அரசாங்கத் தொழிற்சாலையாக அது உற்பத்தியைத் தொடங்கியது. களிமண் மன்னார்ப் பக்கம் முருங்கனிலிருந்து வந்தது. கல்லையும் களிமண்ணையும் சேர்த்து 1,400 பாகைக்கு மேலான வெப்பத்தில் சூளையில் சுட்டால் கிளிங்கர். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. பிற்காலத்தில் இங்கே சுட்ட கிளிங்கர் கடல்வழியாகக் காலிக்குப் போய், அங்கிருந்த ஆலையில் அரைபட்டது. கல், சூளை, ரயில், கப்பல் ஆகிய நான்கும் ஒரே கிராமத்தில் கூடிய இடம் இந்த நாட்டில் அரிது.

இந்த ஆலையின் பிறப்போடு நம்முடைய கதையும் பின்னிக் கிடக்கிறது. அக்காலத்தில் கைத்தொழில் அமைச்சராக இருந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். அவர் அமைச்சரவையில் சேர்ந்தது 1948இல். தோட்டத்து மக்களின் பிரசாவுரிமையைப் பறித்த சட்டமும் அதே 1948இல்தான் வந்தது. இந்தப் பிரச்சினையில் பொன்னம்பலத்தோடு முரண்பட்டுப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய எஸ். ஜே. வி. செல்வநாயகம் எந்தத் தொகுதியின் உறுப்பினர்? காங்கேசன்துறைத் தொகுதியின் உறுப்பினர். அந்த ஊருக்கு ஆலை வருகிற காலத்தில் நமக்கு வாக்குரிமை போயிற்று. அந்த ஊர் அனுப்பிய உறுப்பினர் நமக்காகத் தன் தலைவரை விட்டு விலகினார். சரித்திரம் எப்படியெல்லாம் முடிச்சுப் போடுகிறது, பாருங்கள்!

காங்கேசன்துறைத் தொழிலாளிக்கும் நம் தோட்டத் தொழிலாளிக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இருவரும் ஒரே முதலாளியை நம்பியவர்கள்தாம். இவருக்கு அரைப்பேர், முழுப்பேர் என்ற நாட்கணக்கு; அவருக்கு மாதச் சம்பளம். இதைவிடப் பெரிது, ஆலைச் சங்கு ஊதி வேலை முடிந்தபின் அவர்களில் பலர் போய்ச் சேர்ந்தது சொந்தக் காணிக்கு. கிணறு, வாழை, பனை, நாலு வரிசை வெங்காயம். நம்மவர் போய்ச் சேர்ந்தது தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துக்கு. வேலை போனால் கூரையும் போகும். சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவல் ஒன்றுக்கு 'வீடற்றவன்' என்று பெயர் வைத்தது சும்மா இல்லை.

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. ஆலை நின்றது. யாழ்தேவி காங்கேசன்துறைக்கு ஓடுவது நின்றது. வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. யுத்தம் 2009இல் முடிந்த பிறகும் வேலிகள் உடனே அகலவில்லை. 2013இல் அங்கே 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, ஆயிரத்துக்கும் அதிகமான காணிச் சொந்தக்காரர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஆலை இல்லை, வீடு இல்லை, கால் நூற்றாண்டாக ஊரில் அடுப்பு எரியவில்லை. ஆனாலும் பெட்டிக்குள் மடித்து வைத்த உறுதி இருந்தது. அந்தக் கடதாசிதான் அவர்களை நீதிமன்றப் படியேற்றியது. பின்னர் கட்டம் கட்டமாகக் காணிகள் விடப்பட்டன. இன்றும் எல்லாம் விடப்படவில்லை. முகாம்களில் நெடுங்காலம் தங்கிப்போனவர்களில் காணியில்லாதவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. யாழ்ப்பாணத்திலும் உறுதி எல்லார் வீட்டிலும் இருக்கவில்லை.

இதை நம் ஊவாவோடு வைத்துப் பார்க்கிறேன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. உயிர் தப்பியவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் நெடுநாள் தங்கியிருந்தார்கள். "இது என் நிலம், இதற்குப் பதில் என்ன?" என்று கேட்க அவர்கள் கையில் எந்தக் கடதாசி இருந்தது? பல தலைமுறையாக உழைத்த மண்ணில் அவர்கள் குடியிருந்தவர்கள் மட்டுமே. ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் அதன் பிறகுதான் நடைபோடத் தொடங்கியது. இன்னும் எத்தனையோ குடும்பங்கள் லயத்தில்தான்.

காங்கேசன்துறை இப்போது மெல்லக் கண் திறக்கிறது. 2015 ஜனவரியில் ரயில் திரும்பி வந்தது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் வந்தது. இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி தொடங்கியது. பழைய ஆலை நிலத்தில் மீண்டும் கைத்தொழில் வேண்டும் என்ற பேச்சும் இருக்கிறது. வேலை வேண்டும், மறுப்பில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் நம் மகாவலி போன்ற ஆறு கிடையாது. அங்கே மழைநீரைத் தேக்கி வைக்கும் தொட்டியே அந்தச் சுண்ணாம்புக்கல்தான். நன்னீர் உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கல்லைத் தோண்டுவது கிணற்றைத் தோண்டுவதற்குச் சமம் அல்ல. தொட்டியையே வெட்டி விற்பதற்குச் சமம். வெட்டிய குழிகள் இன்றும் அங்கே வாய் பிளந்து கிடக்கின்றன.

ஆலையை யார் வேண்டுமானாலும் கட்டலாம். யார் வேண்டுமானாலும் மூடலாம். மூடிய பின்னும் ஒரு மனிதனை ஊர்க்காரன் ஆக்குவது அவன் காலடி மண்ணின் மீது அவனுக்குள்ள உரிமை. துறைமுகத்துக்கும் அது பொருந்தும், தோட்டத்துக்கும் அது பொருந்தும். புதிய தொழில் வரப்போகிறது என்று யாராவது நம் ஊருக்கு வந்து சொன்னால், சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். அதற்கு முன் காணி யார் பெயரில் என்று கேளுங்கள்.