எலானோவின் வலது பாதம்

கண்டி மாநகரின் விளையாட்டுக் கீர்த்தியைப் பேசுவோர் நித்தவளை மைதானத்து றக்பியையும் முத்தையா முரளிதரனின் சுழற்பந்தையும் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கமாயினும், ஹந்தானைச் சரிவிலே தேயிலைக் கொழுந்து நிறுத்துப் பெரியவர்கள் வீடு திரும்பும் அந்திப் பொழுதில், லயத்து வாசலில் பையன்கள் வெறுங்காலோடு ஆடுவது உதைபந்தாட்டமே என்பதைப் பல காலம் கண்டவன் ஆதலால், இன்று அந்த ஆட்டத்தின் விற்பன்னர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். பிரேசில் தேசத்து எலானோ என்பவர் அவர்.

1981இல் சாவோ பாவுலோ மாநிலத்திலே பிறந்த அவர், சாண்டோஸ் கழகத்தில் தேர்ச்சி பெற்று, உக்ரேன், இங்கிலாந்து, துருக்கி என்று பல தேசங்களில் ஆடினார். 2010ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் வட கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். அடுத்து ஐவரி கோஸ்டுக்கு எதிராக மற்றொன்று. அந்த இரண்டாவது கோலின் ஆரவாரம் அடங்குமுன்பே எதிராளியின் காலால் தாக்குண்டு மைதானத்தை விட்டு வெளியேறியவர், அந்தப் போட்டித்தொடரில் மறுபடி ஆடவே இல்லை. காலிறுதியில் நெதர்லாந்திடம் பிரேசில் தோற்றது. எலானோ நின்றிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்பது இன்றளவும் என் திடமான அபிப்பிராயம்.

அத்தகையவர் 2014இல், தமது முப்பத்து மூன்றாம் வயதில், சென்னையின் எஃப்.சி. அணிக்கு வந்தார். பெயருக்கு வந்து பணத்தோடு போவார் என்று நினைத்தோர் பலர். அவரோ எட்டுக் கோல்கள் அடித்து, அவ்வாண்டு இந்தியன் சூப்பர் லீக்கில் கோல் அடித்தோருள் முதலிடம் பெற்றார்.

ஃப்ரீ கிக் ஒன்றுக்காக அவர் பந்தை வைக்கும் விதமே தனி. குனிந்து, புல்லைத் தடவி, பந்தைத் திருப்பி வைத்து, சில அடி பின்வாங்கி நிற்பார். பிறகு வலது பாதத்தின் உட்புறத்தால் அதன் பக்கவாட்டில் உரசினாற்போல் உதைக்க, பந்து சுழன்றுகொண்டே எதிரணியினர் தோளோடு தோள் சேர்த்து நிற்கும் அரணுக்கு மேலாக எழும்பி, வளைந்து, கம்பத்தோரம் இறங்கும். வேகம் குறைந்துபோன வயதிலும் அந்தப் பாதத்தின் விவேகம் குறையவில்லை.

2016இல் அவர் ஓய்வு பெற்றார்.

தோட்டங்களில் இருக்கும் பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: மைதானம் இல்லையே என்று பையன்களைத் தடுக்காதீர்கள், எலானோவின் அந்த ஃப்ரீ கிக் உதையைப் பழகுவதற்கு ஒரு பந்தும் ஒரு சுவரும் போதும்.