இருமும்போது வலிக்கிறதா?

தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களே, மயக்கவியல் மருத்துவர்களே, இதய அறுவை வல்லுநர்களே, வணக்கம். செவிலியர்களை முதலில் விளித்ததற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இதய அறுவைக்கும் ஓபியாய்டுகளுக்கும் உள்ள உறவு பழையது. 1969-இல் பாஸ்டனில் லோவன்ஸ்டைன் குழுவினர், ஒரு கிலோ எடைக்கு ஒரு மில்லிகிராம் என்ற கணக்கில் மார்ஃபின் கொடுத்தாலும் இதயம் தாங்குகிறது என்று காட்டினார்கள். மற்ற மயக்க மருந்துகளில் ரத்த அழுத்தம் சரிந்துபோன வால்வு நோயாளிகளுக்கு அது பெரிய வரம். பிறகு அந்த இடத்தை ஃபென்டானில் பிடித்தது. நோயாளி மறுநாள் வரை வென்டிலேட்டரில் கிடந்தார். அன்று அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. 1990-களில், சில மணி நேரத்திலேயே சுவாசக் குழாயை எடுத்துவிடலாம் என்ற முறை பரவியதும் கணக்கு மாறியது.

இன்று நாம் பேசுவது அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி. அமெரிக்காவில் 2020-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், முன்பு ஓபியாய்டே எடுத்திராத பைபாஸ் நோயாளிகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் மூன்று மாதம் கடந்தும் அந்த மருந்தை வாங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்க மருத்துவர்கள் பதறியதில் நியாயம் இருக்கிறது.

நம் நிலை வேறு. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் சட்டப்படி அபின் விளைகிறது. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிக்குக்கூட மார்ஃபின் எட்டாக்கனியாயிற்று. 2014 திருத்தம் வந்த பிறகும் தயக்கம் முழுதும் விலகவில்லை. நம் வார்டுகளில் அதிகம் கேட்பது, "ஆபரேஷன்னா வலி இருக்கத்தானே செய்யும், பொறுத்துக்கங்க ஐயா" என்பதுதான். இந்த நிலையில் 'ஓபியாய்டைக் குறை' என்ற முழக்கத்தை மட்டும் இறக்குமதி செய்தால், கிடைக்கிற கொஞ்சமும் நோயாளிக்குக் கிடைக்காமல் போகும்.

நெஞ்செலும்பை நெடுகப் பிளந்திருக்கிறோம். விலா எலும்புகளை விரித்திருக்கிறோம். வடிகுழாய்கள் உறுத்துகின்றன. அசையாமல் படுத்திருப்பவர் 'பரவாயில்லை' என்பார். இருமச் சொல்லுங்கள், முகம் சுருங்கும். வலிக்குப் பயந்து இருமாதவருக்குச் சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நிமோனியா வரும். மார்ஃபினை ஏற்றினாலோ தூக்கமும் வாந்தியும் வரும், மூச்சு மந்தமாகும், முதியவருக்குச் சித்தம் கலங்கும். இரண்டு பக்கமும் ஆபத்து.

வழி இருக்கிறது, புதிதுமல்ல. பாரசிட்டமாலை வலி வந்த பிறகு தேடாமல், மணிக்கணக்குப்படி கொடுக்க வேண்டும். 2019-இல் பாஸ்டனில் அறுபது வயதைக் கடந்த 120 பேரிடம் நடந்த ஆய்வில், நரம்புவழி பாரசிட்டமால் பெற்றவர்களில் 10 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 28 விழுக்காட்டினருக்கும் சித்தக் கலக்கம் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் இவ்வளவு மலிவான மருந்தை மதிக்க இது போதும். 2016-இல் விவரிக்கப்பட்ட, முதுகெலும்பை ஒட்டிய தசைக்கு அடியில் மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தும் ஊசி, அல்ட்ராசவுண்ட் இருக்கும் இடத்திலெல்லாம் சாத்தியம். ஹெபாரின் கொடுக்கும் நோயாளியிடம் எபிடூரலுக்கு அஞ்சுகிறோம். இந்த ஊசியில் அந்த அச்சம் குறைவு.

ஓர் எச்சரிக்கை. ஓபியாய்டுக்குப் பதிலாகக் கை தானாகவே டைக்ளோஃபெனாக் ஊசியைத் தேடுகிறது. பைபாஸ் அறுவையை ஒட்டி அந்த வகை மருந்துகளைத் தரக்கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே அறிவித்துவிட்டது. மாரடைப்பு, பக்கவாத அபாயம் ஒருபுறம். ஏற்கெனவே களைத்த சிறுநீரகம் மறுபுறம். காபாபென்டினையும் எழுபது வயதுக்காரருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எழுத வேண்டாம். அதுவும் மயக்கம் தரும்.

இனி செவிலியர்கள். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமக் கற்றுக்கொடுப்பவர் நீங்கள். இரவு இரண்டு மணிக்கு வலியின் அளவை எண்ணாகக் கேட்டு எழுதுபவரும் நீங்கள். அந்த எண்ணை நோயாளி இருமும்போது கேட்டு எழுதுங்கள். படுத்திருக்கும்போது கேட்ட எண் எங்களை ஏமாற்றிவிடுகிறது.

கட்டுரை வாசிக்க இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மார்ஃபின் இத்தனை மில்லிகிராம் குறைந்தது என்று சொல்லும்போதே, இருமும்போது வலி எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது எண் இல்லாத ஆய்வை இந்த அவை கேள்வி கேட்காமல் விடக்கூடாது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.