காற்று வடிகட்டியைக் கழற்றி எறியாதீர்கள்!



எனக்கு முன் பேசிய தம்பி, பழைய மோட்டாரில் காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டால் வண்டி பறக்கும் என்றார். கைதட்டலும் கிடைத்தது. பாரிட் புந்தாரிலிருந்து வந்திருக்கும் என்னால் அதற்குக் கைதட்ட முடியவில்லை.

எங்கள் ஊரைச் சுற்றி நெல் வயல்கள். 1906இல் கட்டி முடித்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தால் செழித்தவை. அறுவடை இயந்திரம் இறங்கிவிட்டால் வைக்கோல் தூளும் மண்ணும் ஊரையே மூடும். நெல் லாரிக்குப் பின்னால் மோட்டாரில் போகிறவர் மூக்கைப் பொத்திக்கொள்வார். அவர் மோட்டார் எதைப் பொத்திக்கொள்ளும்?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9,000 லிட்டர் காற்று வேண்டும். 200 லிட்டர் எண்ணெய் டிரம்மில் அளந்தால் 45 டிரம்! வடிகட்டி இல்லையென்றால் அத்தனை காற்றிலும் உள்ள மண்துகள் நேராக உள்ளே போகும். அது எஞ்சின் எண்ணெயோடு கலந்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான். பிஸ்டன் ரிங் தேயும், சிலிண்டர் கீறும், வண்டி எண்ணெய் குடிக்கும், புகை கக்கும்.

அப்படியானால் வேகம் கூடியதாகத் தோன்றுகிறதே? கூடுவது பெரும்பாலும் சத்தம். வடிகட்டி இருப்பதைக் கணக்கில் கொண்டுதான் கார்புரேட்டர் ஜெட்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் காற்று கூடி, பெட்ரோல் குறைந்து, எஞ்சின் சூடேறும். ஆனால் தம்பி சொன்னதில் ஒரு பாதி உண்மை: அடைத்துப் போன வடிகட்டி வண்டியை இழுக்க விடாது. பெட்ரோலும் அதிகம் செலவாகும், பிளக் கரி பிடிக்கும். அதற்கு மருந்து சுத்தம் செய்வது.

தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன அப்பாவின் ஹொண்டா கப் இன்னும் பல வீடுகளில் நிற்கிறது. முதலில் பெட்டியைத் திறந்து, உள்ளே காகித மடிப்பா நுரைப் பஞ்சா என்று பாருங்கள். காகிதத்தைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது. மெல்லத் தட்டி, உட்புறத்திலிருந்து வெளியே காற்றை மிதமாக ஊதுங்கள். பிறகு உள்ளே ஒரு டார்ச் லைட்டைப் பிடியுங்கள். வெளிச்சம் வராவிட்டாலோ, ஓட்டை தெரிந்தாலோ புதிது வாங்குவதுதான் வழி.

நுரைப் பஞ்சானால் கிள்ளிப் பாருங்கள். பல ஆண்டு கிடந்த பஞ்சு விரலிலேயே பொடியாகும். அந்தப் பொடி கார்புரேட்டருக்குள் போனால் தூசியை விடத் தொல்லை. உடனே மாற்றிவிடுங்கள். நல்ல பஞ்சை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கி அலசுங்கள். துணி பிழிவது போல முறுக்கினால் கிழியும். பெட்ரோலில் கழுவ வேண்டாம். தீ பிடிக்கும், ஒட்டுப்பசையும் விடும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகு கியர் எண்ணெயில் தோய்த்து, சொட்டாத அளவுக்கு அமுக்கி எடுங்கள். தூசியைப் பிடிப்பதே இந்த எண்ணெய்ப் பசைதான். இதைச் செய்யாமல் பூட்டுகிறவர்களே அதிகம். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வெட்டி வைக்கும் சில கெட்டிக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

மூடுவதற்கு முன் கார்புரேட்டருக்குப் போகும் குழாயின் உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் வடிகட்டி சரியாக உட்காரவில்லை, அல்லது ரப்பர் இணைப்பு வெடித்திருக்கிறது. புதிய வடிகட்டி போட்டும் புகைகிறது என்று பட்டறைக்கு ஓடுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும். அறுவடைக் காலத்தில் கையேடு சொல்லும் கிலோமீட்டருக்காகக் காத்திராமல் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

பி.எஸ்.ஏ., நார்ட்டன் வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் வடிகட்டி கூடுதல் பொருள்தான். விரும்பியவர் தனியாக வாங்கிப் போட்டார்கள். உங்கள் வண்டி அது இல்லாமலே வந்திருந்தால், இப்போது பொருத்தும்போது சற்றுச் சிறிய மெயின் ஜெட் தேவைப்படலாம். வண்டியின் கையேட்டில் அளவு இருக்கிறதா என்று பார்த்து, ஜெட்டையும் சேர்த்தே வாங்குங்கள்.